வெளிச்சத்துக்குக் கொடுத்த விலை

புகைப்படக்கலையைப் பொழுதுபோக்காகக் கொண்ட அன்பர்கள் என்னைப் போன்ற பழைய பத்திரிகைக்காரரைக் கண்டால் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. குறைந்த விலையில் வாங்கக்கூடிய நல்ல பிளாஷ் எது? கமராவுக்கும் வில்லைக்கும் தாராளமாகச் செலவிட்டவரும் பிளாஷ் என்று வந்ததும் கையைச் சுருக்கிக்கொள்வர். அதனை நான் குறையாகக் காணவில்லை. செயற்கை ஒளியை எப்படி மலிவாக்குவது என்பதே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் புகைப்பட உலகைத் துரத்திவரும் கேள்வி.

நான் படப்பிடிப்பாளன் அல்லன். படப்பிடிப்பாளர் கொண்டுவந்து மேசையில் போட்ட படங்களிலிருந்து தெரிவுசெய்து பக்கம் அமைத்தவன். ஆதலால் பிளாஷ் என்ற கருவியை அதன் பின்னால் நின்று பார்த்ததைவிட, அது மனிதர் முகங்களில் செய்த வேலையைப் பார்த்ததே அதிகம். அந்தக் கோணத்திலிருந்தே இந்த வரலாற்றை எழுதுகிறேன். எதை வாங்கலாம் என்ற கேள்விக்கான விடையும் இந்த வரலாற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

புகையும் நெருப்பும்

மக்னீசியம் என்ற உலோகம் எரியும்போது வெளிவரும் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி, படத்தகட்டைப் பதியச் செய்ய வல்லது என்பதை 1859 ஆம் ஆண்டளவில் றொபேட் புன்சன், ஹென்றி றொஸ்கோ என்ற இரு விஞ்ஞானிகள் எடுத்துரைத்தனர். அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில் மக்னீசியக் கம்பி விற்பனைக்கு வந்தது. 1865 இல் ஸ்கொட்லாந்தின் அரச வானியலாளர் பியாஸி ஸ்மித் அக்கம்பியைக் கொளுத்தி எகிப்தின் பெரிய பிரமிட்டுக்கு உள்ளே படம் பிடித்தார். 1867 இல் ரிமத்தி ஓசலிவன் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து வெள்ளிச் சுரங்கங்களுக்குள் இதே ஒளியுடன் இறங்கினார். சூரியன் எட்டிப்பார்க்காத இடங்களுக்குள் கமரா நுழைந்த முதல் தசாப்தம் அது. ஆயினும் கம்பி எரிந்ததும் அறை முழுவதும் வெண்புகை சூழ்ந்துகொள்ளும். அது கலையும்வரை அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டும். உலோகத்தின் விலையும் சாதாரணர் கைக்கு எட்டியதாக இருக்கவில்லை.

1887 இல் ஜேர்மனியில் அடோல்ப் மீத்தே, யொகானஸ் கேடிக்கே ஆகிய இருவர் மக்னீசியத் தூளுடன் பொற்றாசியம் குளோரேற்றையும் அந்திமனி சல்பைட்டையும் கலந்து, ஒரு கணத்தில் எரிந்து முடியும் தூளொன்றை உருவாக்கினர். கம்பியைப் போல நீண்டநேரம் எரியாமல் ‘பளிச்’ என்று ஒரு மின்னல். பிளாஷ் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் கிடைத்தது அப்போதுதான்.

அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தவர்களுள் நியூயோர்க் நகரப் பொலிஸ் செய்தியாளர் ஜேக்கப் றீஸும் ஒருவர். 1870 இல் டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்து, வறுமையின் அடித்தட்டில் உழன்று, பின் செய்தியாளரானவர். நகரின் சேரிக் குடியிருப்புகளில் ஏழைகள் எத்தகைய நிலையில் உறங்குகின்றனர் என்று எழுதி எழுதி ஓய்ந்திருந்தவர். எழுத்தை நம்பாதவர் படத்தை நம்புவர் என்று அவருக்குப் பட்டது. முதலில் அவருடன் கூடச் சென்றவர்கள் தொழில்முறையாளர் அல்லர், பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளர் சிலரே. நள்ளிரவுச் சேரிப் பயணம் அவர்களுக்கு விரைவில் கசந்துவிட்டது. 1888 இல் றீஸ் 25 டொலர் செலவில் தமக்கென ஒரு கமராத் தொகுதியை வாங்கிக்கொண்டார். ஆரம்பத்தில் பிளாஷ் தூளைச் சுழல்துப்பாக்கி போன்ற கருவியில் வைத்துச் சுட்டனர். இருளில் துப்பாக்கியுடன் நுழைவோரைக் கண்டு மக்கள் அலறி ஓடினர். ஆகவே அவர் துப்பாக்கியைக் கைவிட்டுச் சமையலறைப் பொரியல் சட்டியில் தூளைக் கொட்டிக் கொளுத்தத் தொடங்கினார். மலிவு விலைப் பிளாஷின் மூதாதை எது என்று கேட்டால் நான் அந்தப் பொரியல் சட்டியைத்தான் காட்டுவேன்.

அந்த மலிவுக்கும் ஒரு விலை இருந்தது. பார்வையற்றோர் சிலர் வசித்த ஓர் அறையில் அவர் கொளுத்திய தூள், சுவரில் தொங்கிய கடதாசியிலும் கந்தலிலும் பற்றிக்கொண்டது. குடியிருந்தவர்களால் தப்பி ஓடவும் முடியாத நிலையில், தாமே போராடி நெருப்பை அணைத்ததாக அவர் எழுதியிருக்கிறார். பிறிதொரு தடவை தூள் முகத்துக்கு நேரே வெடித்ததில் கண்களையே இழந்திருக்க வேண்டியவர், மூக்குக்கண்ணாடியால் தப்பினார். இந்த முயற்சியின் விளைவு 1890 இல் வெளிவந்த ‘மற்றைய பாதி எப்படி வாழ்கிறது’ என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூல். பின்னர் பொலிஸ் ஆணையாளராக வந்த தியோடோர் றூஸ்வெல்ற் றீஸுடன் இரவில் நகரைச் சுற்றிப் பார்த்தார். 1896 இல் பொலிஸ் நிலையங்களின் இழிநிலைத் தங்குமடங்கள் மூடப்பட்டன. 1901 இல் குடியிருப்புச் சட்டமும் வந்தது. ஒரு சட்டித் தூள் சட்டத்தை மாற்றியது என்று கூறுவது மிகை. ஆனால் அந்தத் தூள் இல்லாமல் அந்த வாதம் அவ்வளவு விரைவில் வென்றிருக்காது.

கண்ணாடிக் குமிழும் சேமித்த மின்னலும்

தூளின் ஆபத்தை நீக்கியது கண்ணாடிக் குமிழ். 1929 இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த பிளாஷ் குமிழினுள் மெல்லிய அலுமினியத் தகடும் ஒட்சிசனும் அடைக்கப்பட்டிருந்தன. மின்னோட்டம் பட்டதும் உள்ளேயே எரிந்து அணையும். புகையில்லை, சத்தமில்லை. 1930களிலும் 40களிலும் நியூயோர்க் வீதிகளில் கொலையையும் விபத்தையும் தேடி அலைந்த வீஜி என்ற படப்பிடிப்பாளர், தமது காரின் பின்பெட்டியில் குமிழ்களை அடுக்கி வைத்திருந்தார். காரணம் எளிது. ஒரு குமிழ் ஒரு படம், அவ்வளவுதான். எரிந்த குமிழைக் கழற்றி வீசிவிட்டு அடுத்ததைப் பொருத்த வேண்டும். 1965 இல் நான்கு குமிழ்களைக் கொண்ட சதுரக் கட்டி வந்தபோது வீட்டுப் படப்பிடிப்பாளருக்கு அது பெரிய வரமாகத் தெரிந்தது. ஆனாலும் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் காசு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்தச் செலவுக்கு முடிவு கட்டியவர் அமெரிக்காவின் எம்.ஐ.ரி நிறுவனத்தைச் சேர்ந்த ஹரோல்ட் எட்ஜேட்டன். 1930களின் தொடக்கத்திலிருந்து அவர் செய்துவந்த ஆய்வின் சாரம் இதுதான்: மின்னைக் கொள்ளளவி ஒன்றில் சேமித்து, வாயு நிரப்பிய குழாயினூடாக ஒரே கணத்தில் பாய்ச்சினால் குழாய் மின்னலடிக்கும். எரிந்து தீர்வது எதுவுமில்லை. மீண்டும் சேமித்து மீண்டும் பாய்ச்சலாம். பால்துளி விழுந்து கிரீடமாய் விரியும் அவரது படம் உலகப் புகழ் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் இதே தத்துவம் விமானங்களில் ஏற்றப்பட்டு, 1944 இல் நோர்மண்டிப் படையெடுப்புக்கு முன்னர் இரவில் நிலப்பரப்பைப் படம் பிடிக்கப் பயன்பட்டது. இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு பிளாஷும் எட்ஜேட்டனின் பேரப்பிள்ளையே.

1970களில் யப்பானியத் தொழிற்சாலைகள் இதனைக் கைக்கடக்கமாக்கின. விவிற்றார் 283 என்ற பிளாஷ் உலகெங்கும் பத்திரிகைக்காரர் பைகளில் இடம்பிடித்தது. திரும்பி வரும் ஒளியைத் தானே அளந்து போதியதும் நிறுத்திக்கொள்ளும் உணரி அதில் இருந்தது. அவ்வாறு நிறுத்தும்போது எஞ்சும் மின்னைக் கொள்ளளவியில் மிச்சம்பிடிக்கும் வகைச் சுற்றினால் பற்றரியும் நீடித்தது. 1975 இல் ஒலிம்பஸ் ஓ.எம் 2, படச்சுருளின் மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியையே கமராவுக்குள் அளந்து பிளாஷைக் கட்டுப்படுத்தியது. அன்று தொடங்கியதுதான் கமராவும் பிளாஷும் தமக்குள் பேசிக்கொள்ளும் காலம். கூடவே தொடங்கியது, ஒரு நிறுவனத்தின் கமராவுக்கு அதே நிறுவனத்தின் விலையுயர்ந்த பிளாஷையே வாங்க வேண்டிய கட்டாயமும்.

எங்கள் மண்ணில்

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. நான் பத்திரிகைத் துறைக்குள் நுழைந்த அந்நாட்களில், முன்னைய தலைமுறைப் படப்பிடிப்பாளர் குமிழ்களை எண்ணி எண்ணிப் பயன்படுத்திய கதைகளைக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தில் முக்கியஸ்தர் பேசும்போது ஒன்று, மாலை சூட்டும்போது ஒன்று. மூன்றாவது எரிந்தால் அதற்குக் காரணம் கூற வேண்டும். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் யப்பானிய மின்பிளாஷ்கள் கொழும்புக் கடைகளில் நிறைந்தன. கலியாண வீடுகளில் இரவுப் படம் சாதாரணமாயிற்று.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதியில் அந்தச் சாதாரணம் தலைகீழாயிற்று. அரசு விதித்த பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் அடங்கியிருந்தது. மின்சாரமும் துண்டிக்கப்பட்டிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்ததையும், பயிற்சிக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சானதையும் அக்காலத்து யாழ்ப்பாணத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே நல்ல பிளாஷ் வைத்திருந்தவரிடமும் ஒளி இல்லை. நான்கு சிறிய பற்றரிகளுக்காக எந்தக் கருவியும் வெறும் பிளாஸ்ரிக் பெட்டியாகிவிடும் என்பதை அந்த ஆண்டுகள் கற்பித்தன. படம் வேண்டுமென்றால் பகலில், முற்றத்தில், வேப்பமர நிழலில் நிற்க வேண்டும். அந்த ஆண்டுகளின் குடும்பப் படங்கள் உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பகல் வெளிச்சமே இருக்கும். இரவுகள் பதிவாகவில்லை. ஒரு சமூகத்தின் நினைவில் இரவுகள் மட்டும் விடுபட்டுப்போவதற்கு ஒரு தடைப்பட்டியல் போதுமாயிருந்தது.

விலை உடைந்த கதை

எண்முறைக் கமராக்கள் பரவிய 2000களில் பெரிய நிறுவனங்களின் தலைசிறந்த பிளாஷ் ஒன்றின் விலை 400 டொலரை எட்டியது, கடந்தது. அவ்வேளை 2006 இல் ‘போல்ரிமோர் சன்’ நாளிதழின் படப்பிடிப்பாளர் டேவிட் ஹொபி, ‘ஸ்ரோபிஸ்ற்’ என்ற பெயரில் இணையத்தில் இலவசப் பாடங்கள் எழுதத் தொடங்கினார். அவர் கூறியது பத்திரிகைப் படப்பிடிப்பாளர் அறிந்த எளிய உண்மை. பிளாஷைக் கமராவின் தலையிலிருந்து கழற்றி ஒரு தாங்கியில் நிறுத்துங்கள், வெள்ளைக் குடையொன்றை அதன் முன் விரியுங்கள், அளவைக் கையாலேயே தீர்மானியுங்கள். அப்படிச் செய்வோருக்குத் தானியங்கி நுட்பம் வேண்டியதில்லை. ஆகவே நிக்கொன் எஸ்.பி 24, விவிற்றார் 285 போன்ற பழைய பிளாஷ்கள் திடீரென்று தேடப்பட்டன.

அந்தத் தேவையைச் சீனாவின் ஷென்சென் நகரம் புரிந்துகொண்டது. 2010 இல் யொங்னுவோ நிறுவனத்தின் வைஎன் 560, நூறு டொலருக்கும் குறைந்த விலையில் வந்தது. தானியங்கி அளவீடு இல்லை, கையால் அளவு மாற்றும் வசதி மட்டும். 2013 இல் அதன் மூன்றாம் பதிப்பில் வானொலி அலை வாங்கியும் உள்ளேயே சேர்ந்தது. 2016 இல் கொடொக்ஸ் நிறுவனத்தின் ரிரி 600, அலை வாங்கி, அலை அனுப்பி இரண்டையும் கொண்டு சுமார் 70 டொலருக்குள் அறிமுகமாயிற்று. றீஸ் தமது கமராத் தொகுதிக்குக் கொடுத்த 25 டொலரின் அன்றைய பெறுமதியை நினைத்துப் பார்த்தால், பிளாஷ் இவ்வளவு மலிவாக முன்னெப்போதும் கிடைத்ததில்லை எனலாம். ஆயினும் மலிவு என்பது வாங்குபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 2022 இல் இலங்கை ரூபா சரிந்து டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, அதே 70 டொலர் 14,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவைத் தாண்டியது.

எதை வாங்குவது?

இனி முதற் கேள்விக்கு வருவோம். பணம் குறைவாயின் தானியங்கிக்குக் கொடுக்காதீர்கள். மூன்று வசதிகளுக்குக் கொடுங்கள். முதலாவது, ஒளியின் அளவை முழுமையிலிருந்து நூற்றிருபத்தெட்டில் ஒரு பங்குவரை கையால் குறைக்கும் வசதி. இரண்டாவது, மேலும் பக்கமும் திரும்பும் தலை. மூன்றாவது, உள்ளேயே பொருத்தப்பட்ட வானொலி அலை வாங்கி. இம்மூன்றும் உள்ள பிளாஷ் ஒன்று, கமராவின் மீது வைக்கும் அலை அனுப்பி ஒன்று, தாங்கி ஒன்று, வெள்ளைக் குடை ஒன்று, மீள்மின்னேற்றும் பற்றரிகள் எட்டு. இவ்வளவும் சேர்ந்தாலும் பெரிய நிறுவனத்தின் ஒரு பிளாஷின் விலைக்குக் கீழேதான் நிற்கும். பற்றரியில் மாத்திரம் கஞ்சத்தனம் வேண்டாம். 2005 இல் சான்யோவின் எனலூப் வந்ததிலிருந்து, பைக்குள் கிடந்தாலும் மின்னை விரைவில் இழக்காத வகைப் பற்றரிகள் கிடைக்கின்றன.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வழிகாட்டி எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் துவார அளவு கிடைக்கும். எண் 32, தூரம் 4 மீற்றர் எனில் துவாரம் 8. ஆனால் 60 என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பிளாஷின் தலையை 200 மில்லிமீற்றர் வில்லைக்கெனக் குவித்துவைத்து அளந்தது. அகன்ற கோணத்தில் அது வெகுவாகக் குறையும். தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்ற விதியை எந்த நிறுவனமும் மாற்ற முடியாது.

பழைய பிளாஷ் ஒன்று வீட்டில் கிடக்கிறதே, அதனைப் பயன்படுத்தலாமே என்பீர்கள். பயன்படுத்தலாம், எச்சரிக்கையுடன். 1970களின் சில பிளாஷ்கள் கமராவுடன் தொடும் முனையில் 200 வோல்ற்றுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைச் செலுத்துவன. இன்றைய கமராவின் நுண்சுற்றுக்கு அது நஞ்சு. அதனைக் கமராவின் தலையில் பொருத்தாமல், அத்தகைய அழுத்தத்தைத் தாங்கக்கூடிய தொலைதூர இயக்கியுடன் தாங்கியில் நிறுத்துவதே தகும்.

யாருடைய முகம்?

தானியங்கியை நம்பாதீர்கள் என்று நான் கூறுவதற்கு விலை மட்டும் காரணமன்று. தானியங்கி அளவீடு உலகம் சராசரிச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டே வேலை செய்கிறது. வெள்ளை வேட்டி சால்வையுடன் ஒருவர் நின்றால் கருவி துணியைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். நம் கலியாண அல்பங்களில் மாப்பிள்ளையின் வேட்டி துலங்கி முகம் மங்கியிருப்பதற்கு மாப்பிள்ளையின் நிறம் காரணமன்று. வண்ணப்பட உலகின் வரலாறும் இதற்குத் துணைபோயிற்று. 1950கள் தொட்டு அச்சுக் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்பட்ட ‘ஷேர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளை இனப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. கறுத்த தோலுக்கு வேண்டியது அதிக வெளிச்சம் மட்டுமன்று, பெரிய பரப்பிலிருந்து வரும் மென்மையான வெளிச்சம். நேராக அடித்தால் வியர்வை பளபளக்கும், கன்னம் தெரியாது. குடையோ வெள்ளைக் கூரையோ வேண்டும். ஓட்டுக்கூரையும் கிடுகுக்கூரையும் ஒளியைத் திருப்பித் தரா. ஆனால் வெள்ளை கட்டிய பந்தலின் கீழ் பிளாஷின் தலையை மேல்நோக்கித் திருப்பிப் பாருங்கள். நூறு டொலர்க் கருவி செய்யாததை அந்த வெள்ளைத் துணி செய்யும்.

இறுதியாக ஒன்று. றீஸ் படம் பிடித்தவர்களுள் பலர் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள், சம்மதம் கேட்கப்படாதவர்கள். ஓரிடத்துக்கு 5 சதம் கொடுத்துப் படுத்திருந்த அந்த அறைவாசிகளின் கூசும் கண்கள் இன்றும் நம்மைப் பார்க்கின்றன. அப்படங்கள் நன்மை செய்தன என்பதும் உண்மை, அந்தக் கண்கள் கூசின என்பதும் உண்மை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பாடசாலைகளில் அடைக்கலம் புகுந்து படுத்திருந்தவர்கள் மீது இரவில் பிளாஷ்கள் மின்னிய படங்கள் என் மேசைக்கும் வந்தன. பெரும்பாலானவற்றை நான் ஒதுக்கி வைத்தேன். அவற்றை ஒதுக்கியதால் செய்தி எதுவும் குறைந்துவிடவில்லை.

வெளிச்சம் மலிவாகிவிட்டது, நல்லது. எங்கள் இரவுகள் இனி விடுபட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த வெளிச்சம் விழும் முகத்துக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழுத்துங்கள். அதற்குப் பணம் செலவாகாது.